வயரில் ஃபை இருக்கு

போன் அடித்தபோது சக்தா ஏணியின் உச்சிப்படியில் நின்றுகொண்டிருந்தான். வாயில் வயர் கட்டும் ஒரு பிளாஸ்டிக் பட்டை, இடது கையில் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழை, வலது கையில் அதை வெட்டும் கருவி. போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடியும் அடித்தது.

"எடு தலைவா, பொண்டாட்டியா இருக்கப்போகுது!" என்று கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஜும்பொன் கத்தினான்.

"எனக்குக் கல்யாணமே ஆகலையேண்ணே."

"அப்போ கண்டிப்பா எடு!"

சக்தா கருவியை இடுப்புப் பையில் செருகிவிட்டு, சட்டைப் பையிலிருந்த போனை ஒரு விரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டான்.

"நெட் வயர் போட்ட தம்பிதானே? நான் லம்துவன். கோயிலுக்குப் பின்சந்துல இஸ்திரிக் கடை. டப்பா மேல உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு."

"சொல்லுங்கக்கா. நெட் வரலையா?"

"அதெல்லாம் நல்லா வருது. வயர்ல ஃபை இருக்கு தம்பி."

சக்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கட்டும்க்கா! ஃபை இருந்தாத்தான் நெட் வரும். ஃபை இல்லைன்னாத்தான் எனக்குப் போன் பண்ணணும்."

மறுமுனையில் ஓர் ஆண்குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த அம்மாவிடம் பேசியது. "கேட்டியா? வயர் போட்டவனே சொல்லிட்டான். ஃபை அங்க இருக்க வேண்டியதுதானாம். அப்போ கோளாறு எங்க இருக்கு? உன் இஸ்திரிப் பெட்டியில இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சாமானை எடுத்துக்கோ."

தொடர்பு அறுந்தது.

"என்னவாம்?" என்றான் ஜும்பொன்.

"வயர்ல வெளிச்சம் வருதுன்னு புகார் பண்றாங்க."

ஜும்பொன் வயிறு குலுங்கச் சிரித்தான். எங்கள் கோராட் நகரத்தில் கண்ணாடி வயர் இழுப்பவர்களிடம் இந்த மாதிரிக் கதைகள் நிறைய உண்டு. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் அந்த வயருக்குள் மின்சாரம் கிடையாது, ஓடுவது வெறும் வெளிச்சம். அதனால் ஆட்களுக்குள் பேசும்போது, "அந்த வீட்டுக்கு ஃபை வந்திருச்சா?", "இங்க ஃபை கம்மியா இருக்கு" என்றுதான் பேசிக்கொள்வார்கள். ஃபை என்றால் வெளிச்சம். சக்தாவின் காதில் அப்படித்தான் விழுந்தது.

ஜும்பொன் தன் பழைய ஜோக்கை அன்றைக்கும் எடுத்துவிட்டான். தெருவில் போன பெட்ரோல் லாரியைக் காட்டி, "அங்க பார் தலைவா, வைஃபை வண்டி போகுது. பாஸ்வேர்டு கேட்டு வைக்கவா?" என்றான். எங்கள் ஊர்ப் பேச்சில் 'வைஃபை' என்றால் சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது என்று பொருள். லாரியின் முதுகில் கொட்டை எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. அந்த ஜோக்குக்கு சக்தா சிரிப்பதை நிறுத்திப் பல காலமாயிற்று.

மதியம் ரயிலடிக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்தார்கள். சுட்ட கோழி, ஒட்டரிசிச் சோறு, கண்ணில் நீர் வரவழைக்கும் காரத்தில் பப்பாளிக்காய் சோம்தம். சக்தா சோற்றை உருட்டிச் சாற்றில் தொட்டவன், வாயருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினான்.

"அண்ணே, அந்தக்கா ஃபையை எப்படிப் பார்த்துச்சு?"

"எந்தக்கா?"

"இஸ்திரிக் கடைக்காரம்மா. நம்ம வயர்ல ஓடுறது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமாச்சே. வெட்டிக் கண்ணு முன்னாடி வெச்சாலும் ஒண்ணும் தெரியாது. நாமளே மீட்டர் வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறோம். அந்தக்கா வயர்ல ஃபை இருக்குன்னு எதை வெச்சுச் சொல்லுச்சு?"

"சாமி கீமி வந்திருக்கும். கோழி ஆறுது, சாப்பிடு."

சக்தாவால் சாப்பிட முடியவில்லை. பல்லிடுக்கில் நார் சிக்கினால் நாக்கு சும்மா இருக்காதே, அந்த மாதிரி அவன் மனசு அந்தக் கேள்வியையே நெருடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா புகார் சொன்னபோது குரலில் ஆச்சரியம் இல்லை. பயம் இருந்தது. வெளிச்சத்தைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

தலைக்கு மேலே கடைக்காரரின் மின்விசிறி தடக்கென்று நின்றது. உள்ளேயிருந்து கடைக்காரரின் மனைவி சத்தம் போட்டாள். "என்னங்க, ஃபை போச்சு!"

கரண்ட் போய்விட்டது என்று சொல்கிறாள். சக்தாவின் கையிலிருந்த சோற்று உருண்டை தட்டில் விழுந்தது.

எங்கள் பேச்சில் ஃபை என்ற அந்த ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. விளக்கின் வெளிச்சமும் ஃபைதான், மின்சாரமும் ஃபைதான், வீட்டைக் கொளுத்தும் நெருப்பும் ஃபைதான். பேசும் இடத்தை வைத்து எது என்று புரிந்துகொள்வோம். சக்தா தன் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டான். அந்த அம்மா தன் கடையில் நின்று பேசியிருக்கிறாள்.

"அண்ணே, எழுந்திருங்க."

"கோழி?"

"பொட்டலம் கட்டிக்குங்க!"

லம்துவனின் கடை ஒரு பழைய மரமாடி வீட்டின் கீழ்த்தளம். மேல்தளத்தில் குடியிருப்பவர் வீட்டுக்காரர் ஹெங் முதலாளி. இறந்தவர்களுக்காகச் சீனர்கள் எரிக்கும் காகிதப் பணம், காகித வீடு, காகிதக் கார் எல்லாம் மொத்த வியாபாரம் செய்பவர் அவர். மாடி முழுக்க அந்தக் காகிதக் கட்டுகள்தான். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது முதலாளி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு புதுப் பூட்டு.

உள்ளே லம்துவன் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டிய குள்ளமான பெண். மூட்டை கட்டும் வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"வாங்க தம்பி, வாங்க. ஃபை இருக்கணும்னு சொன்னீங்களே, இருக்கு. நல்லா இருக்கு. பத்திரமா இருக்கு. பார்த்துட்டுப் போங்க."

"அக்கா, நீங்க வயர்ல ஃபை இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவள் ஒரு வெள்ளைப் பள்ளிச் சட்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே விரித்தாள். தோள்பட்டையில் மிளகளவு பழுப்புப் புள்ளி. தீய்ந்த புள்ளி.

"இதை வெச்சுத்தான் ஆரம்பிச்சது. மழைக்காலம் தொடங்கினதுலேர்ந்து இப்படி. எல்லாச் சட்டையிலயும் இல்லை. கம்பியில கடைசியா மாட்டுற சட்டையில மட்டும். அதுவும் காத்தடிச்ச அன்னிக்கு மட்டும். நான் இஸ்திரி போடுறப்போ சட்டை சுத்தமா இருக்கும். கம்பியில தொங்கவிட்டு, திரும்பி வந்து பார்த்தா புள்ளி. ஊர்ச் சனம் பூரா என்னைத் திட்டுது. இவர் என்னடான்னா, உன் பெட்டி பொறி விடுது, என் மாடி எரிஞ்சுடும், வெளியே போங்கிறார்."

"போகத்தான் வேணும்," என்றார் முதலாளி வாசலிலிருந்து. "மேல இருக்கிறது பூரா காகிதம். எனக்கே ரெண்டு நாளா தீயுற வாடை வருது."

"பெட்டியை அணைச்சு வெச்சிருக்கிறப்பவும் புள்ளி விழுதுன்னு நான் சொன்னா யார் கேட்கிறா? அதான் டெஸ்டர் எடுத்து எல்லாத்தையும் தொட்டுப் பார்த்தேன். பெட்டியில இல்லை. சுவிட்சுப் பலகையில ஒழுங்கா இருக்கு. உங்க வயரைத் தாங்கி ஒரு இரும்புக் கம்பி வருதே, ஸ்டூல்ல ஏறி அதைத் தொட்டேன். டெஸ்டர் எரியுது!"

சக்தா அண்ணாந்து பார்த்தான்.

கண்ணாடி இழையால் தன் எடையைத் தானே தாங்க முடியாது. கம்பத்திலிருந்து வீடுவரை தொங்குவதற்கு, அதே கறுப்பு உறைக்குள் கூடவே ஓர் எஃகுக் கம்பியும் வரும். வீட்டு வெளிச்சுவரில் ஒரு கொக்கி அடித்து, எஃகை அதில் கட்டி, அங்கேயே வெட்டிவிட வேண்டும். வெயிலுக்கும் மழைக்கும் செய்த அந்தக் கறுப்பு உறை எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அதையும் வீட்டுக்குள் நெடுந்தூரம் இழுக்கக் கூடாது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஆள் இதைச் செருப்பை வைத்துச் சொன்னார்: "செருப்பு மாதிரி இரும்பை வாசல்ல கழட்டி விட்டுட்டு, கண்ணாடியை மட்டும் உள்ள கூட்டிட்டுப் போங்க."

இங்கே செருப்பு உள்ளே வந்திருந்தது. எஃகுக் கம்பி வாசலுக்கு மேலிருந்த காற்றுச் சன்னல் வழியாக நுழைந்து, லம்துவன் துணி மாட்டும் இரும்புக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, பலகைக் கூரையில் போட்ட ஓட்டை வழியாக மாடிக்கு ஏறியிருந்தது. துணிக் கம்பியின் கடைசியில், ஒரு கையளவு இடைவெளிகூட இல்லாமல், தண்ணீர்க் குழாய். காற்றில் ஆடும் கடைசிச் சட்டையின் கம்பி ஹாங்கர் குழாயை உரசும்போதெல்லாம் ஒரு பொறி. பொறிக்கு ஒரு புள்ளி.

"அக்கா, அந்தக் கம்பியைக் கையால தொட்டீங்களா?"

"கீழே நின்னா எனக்கு எட்டாதே. மூங்கில் கோலாலதான் மாட்டுவேன், எடுப்பேன்."

குள்ளமாகப் பிறந்ததற்கு அவள் நன்றி சொல்ல வேண்டும் என்று சக்தா நினைத்தான். திரும்பி ஜும்பொனைப் பார்த்தான். அந்தப் பெரிய உடம்பு வாசல்படியிலேயே நின்றுவிட்டிருந்தது. கையில் கோழிப் பொட்டலம்.

"வெளியே கட்டுறதுக்கு என்னண்ணே கேடு?" என்று சக்தா தாழ்ந்த குரலில் கேட்டான். அன்றைக்கு அவன் மாடியில் முதலாளியின் நெட் டப்பாவை மாட்டிக்கொண்டிருந்தான். வெளிவேலை ஜும்பொனுடையது.

"முதலாளி சுவத்துல கொக்கி அடிக்க விடலை. இந்த வருஷம் வீட்டு முகத்துல இரும்பு அடிச்சா ஆகாதுன்னு அவரோட சின்சே சொன்னாராம், அந்தச் சீனத்து ஜோசியக்காரர். வயரைப் பிடிக்க ஏதாவது வேணுமே! உள்ள ஸ்ட்ராங்கா ஒரு கம்பி இருந்துச்சு. கண்ணாடிதானே, கண்ணாடியில என்ன ஃபை வரப்போகுதுன்னு நெனச்சேன்."

"எஃகு கண்ணாடியா?"

ஜும்பொன் சக்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "தலைவா, கரண்டை நிறுத்தச் சொல்லிட்டு, சத்தமில்லாம வெட்டிடுவோம். புள்ளி விழுறது நின்னுடும். ஆபீசுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது. உன் பேருலதான் வேலை முடிஞ்சதா இருக்கு."

அது உண்மை. சத்தமில்லாமல் வெட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், ஒன்றைத் தவிர. சாயங்காலம் இந்தக் கதவில் அந்தப் புதுப் பூட்டு தொங்கும். அப்புறம் புள்ளி விழவில்லையே என்று யாராவது கேட்டால், பார்த்தாயா, பெட்டி போனதும் நின்றுவிட்டது என்பார் முதலாளி. காலையில் போனில் சிரித்துக்கொண்டே அவன் சொன்ன சொல்தான் அவருக்குச் சாட்சி.

சக்தா வாசலுக்குப் போனான்.

"முதலாளி, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. எதையும் தொடாதீங்க. கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்குங்க."

"எதுக்குய்யா? நீதான் எல்லாம் சரியா இருக்குன்னியே."

"நான் சொன்னது வேற ஃபை. வந்து பாருங்க. அக்கா, மெயின் சுவிட்சை இறக்குங்க."

முதலாளி நாற்காலியை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடியே உள்ளே வந்தார். லம்துவன் சுவிட்சை இறக்கினாள். விளக்குகள் அணைந்தன. மின்விசிறி சுற்றிச் சுற்றிச் சோர்ந்து நின்றது. கடை அரை இருட்டாயிற்று.

"இப்போ இந்தக் கடையில இஸ்திரிப் பெட்டிக்கு உயிர் இருக்கா முதலாளி?"

"அதெப்படி இருக்கும்? மெயினையே இறக்கியாச்சே."

சக்தா ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, லம்துவனின் டெஸ்டரைத் துணிக் கம்பியில் வைத்தான். விரல் பட்டால்தான் எரியும் அந்த டெஸ்டர் கையுறையோடு எரியாது என்பது அப்புறம்தான் அவனுக்கே உறைத்தது. அசடு வழிய இறங்கி, பையிலிருந்து தன்னுடைய டெஸ்டரை எடுத்தான். கம்பியைத் தொடாமலே, பக்கத்தில் கொண்டுபோனாலே கத்தும் ரகம் அது. கம்பிக்கு ஒரு சாண் இருக்கும்போதே அது கீச்சுக்கீச்சென்று அலறிச் சிவப்பாய் எரிந்தது.

முதலாளி நாற்காலியோடு இரண்டடி பின்னால் போனார். நாற்காலியை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதையே மறந்திருந்தார்.

"எங்கேயிருந்துய்யா வருது?"

"வெளியேயிருந்து. அது எங்கேன்னுதான் இப்போ பார்க்கணும்."

சந்தில் இறங்கி வயரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். முதலாளி முன்னால், சக்தா பின்னால், மூங்கில் கோலோடு லம்துவன். சந்து முனையில் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் போகும் மின்கம்பியின் மேல் இவர்களுடைய வயர் குறுக்கே படுத்துக்கிடந்தது. மழைக்காலத்தின் முதல் புயற்காற்றில் ஏதோ ஒரு பிடி நழுவியிருக்கிறது. காற்று வரும்போதெல்லாம் இரண்டும் ஒன்றையொன்று அறுத்து, உறை தேய்ந்து, உள்ளிருக்கும் உலோகம் மினுங்கியது.

"அந்த ஏணியைக் கொண்டா, நானே எடுத்து விடுறேன்," என்றார் முதலாளி.

"ஏறினா நாளைக்கு உங்க கடைக் காகிதத்தை உங்களுக்கே எரிக்க வேண்டியிருக்கும்," என்றாள் லம்துவன்.

சக்தா மின்சார ஆபீசுக்குப் போன் போட்டான். அவர்கள் வரும்வரை யாரும் அந்த வயருக்குக் கீழே நிற்கக் கூடாதென்று சந்தின் குறுக்கே சிவப்பு வெள்ளை நாடாவைக் கட்டினான். அவர்கள் வண்டியோடு வந்து, கம்பத்தில் கரண்டை நிறுத்தி, வயரைத் தூக்கி விலக்கி, தேய்ந்த இடத்துக்கு உறை போட்டுப் போன பிறகுதான் கடைக்குள் கை வைத்தான். எஃகைத் துணிக் கம்பியிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டே, அது போன வழியில் மாடிக்கு ஏறினான்.

அங்கே எஃகின் நுனி எதிலும் கட்டப்படாமல், ஒரு காகிதப் பணக் கட்டின் மேல் சும்மா கிடந்தது. ஒவ்வொரு தாளிலும் ஈயத் தகடு ஒட்டிய உயர்ந்த ரகம். மேல் தாள்களின் தகடு, ஓரத்தில் கறுத்துச் சுருண்டிருந்தது. பலகைத் தரையின் ஓட்டையைச் சுற்றிலும் மரம் பழுப்பேறியிருந்தது. ஓட்டை விரலுக்குப் பதில் கையே நுழையும் அளவுக்கு. கீழே ஒரு பொறி பற்றியிருந்தால் அந்த வழியாகவே நெருப்பு மாடி ஏறியிருக்கும்.

முதலாளி அந்தக் கறுத்த தாளை எடுத்து முகர்ந்து பார்த்தார். ரெண்டு நாளாய் வந்த வாடை அதுதான்.

ஜும்பொன் பின்னாலிருந்து, தன்னையறியாமல், "வைஃபை," என்றான். இந்தத் தடவை அவனே சிரிக்கவில்லை.

"முதலாளி," என்றான் சக்தா. "தப்பு எங்களோடது. நீங்க கொக்கி வேண்டாம்னு சொன்னப்பவே, அப்போ நெட் வேண்டாம்னு சொல்லிட்டுத் திரும்பியிருக்கணும். உள்ள இழுத்தது தப்பு. இழுத்ததைப் பார்க்காம விட்டது என் தப்பு. காலையில போன்ல சிரிச்சதும் நான்தான். அக்காவோட பெட்டி மேல ஒரு தப்பும் இல்லை."

முதலாளி அந்தத் தாளின் கறுத்த ஓரத்தை விரலால் உதிர்த்தார்.

"வாசல்ல இரும்பு ஆகாதுன்னு சின்சே சொன்னாரே," என்றாள் லம்துவன், படிக்கட்டின் உச்சியில் கோலை ஊன்றியபடி. "வீட்டுக்குள்ள ஆகும்னா சொன்னார்?"

"நீ சும்மா இரு."

"சும்மாத்தானே இருந்தேன் இத்தனை நாளா!"

முதலாளி பூட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பை கனத்தில் தொங்கியது. "அடி," என்றார் சக்தாவிடம். "எங்கே வேணுமோ அங்கே கொக்கியை அடி. சின்சேகிட்ட நான் பேசிக்கிறேன்." பிறகு லம்துவனைப் பார்க்காமலே, "மூட்டையைப் பிரி. கடையில நடக்க வழியில்லாம கிடக்கு," என்றார்.

மன்னிப்பு என்று அவரிடமிருந்து அவ்வளவுதான் வரும். லம்துவனுக்கும் அது தெரிந்திருந்தது. இறங்கிப் போய் மூட்டையைப் பிரித்தாள்.

கொக்கி அடிப்பதற்கு முன் சக்தா ஆபீசுக்குப் போன் செய்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். கோயில் வட்டாரத்தில் தாங்கள் வயர் போட்ட வீடு ஒவ்வொன்றையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னான். சூப்பர்வைசர் போட்ட சத்தம் ஸ்பீக்கர் இல்லாமலே சந்து முனைவரை கேட்டது. நாளைக் காலை ஆபீசுக்கு வரச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை.

"பார்த்தியா?" என்றான் ஜும்பொன் மெல்ல.

"பார்த்தேண்ணே. கொக்கியை எடுங்க."

வெளிச்சுவரில் கொக்கி ஏறியது. எஃகு வாசலோடு நின்றது. அதன் நுனியிலிருந்து ஒரு பச்சை வயர் சுவரோரமாக இறங்கி மண்ணில் புதைத்த கம்பிக்குப் போயிற்று. மறுபடி எங்காவது கரண்ட் ஒட்டிக்கொண்டால், ஆளைத் தேடாமல் மண்ணுக்குள் போகட்டும் என்பதற்கு. உள்ளே போன கறுப்பு வயரை வெட்டிவிட்டு, அதற்குப் பதில் எளிதில் பற்றாத வெள்ளை உறை வயரைச் சக்தா அளந்து வைத்தான். மாடி ஓட்டையை நெருப்புக்கு வீங்கி அடைத்துக்கொள்ளும் களிமண் மாதிரியான பசையால் பூச வேண்டும். ஜும்பொன் யாரும் சொல்லாமலே மாடிக்கு ஏறி, அந்தக் கனத்த உடம்பைக் காகித வீடுகளுக்கு நடுவில் மடக்கி உட்கார்ந்து, விரலால் பூசத் தொடங்கினான். பொட்டலத்துக் கோழியைத் துணைக்கு வைத்துக்கொண்டான்.

கீழே லம்துவன் பெட்டியைச் சூடேற்றிவிட்டாள். சக்தாவை ஏற இறங்கப் பார்த்து, "சட்டையைக் கழட்டுங்க," என்றாள்.

"எதுக்குக்கா?"

"இந்தக் கசங்கலோட நாளைக்கு ஆபீஸ் போனா, திட்டுறவன் சட்டைக்கும் சேர்த்துத் திட்டுவான். கழட்டுங்க."

பனியனோடு நின்று அவன் கண்ணாடி இழைகளை ஒட்ட வைக்கத் தயாரானபோது போன் அடித்தது. நம்பரைப் பார்க்காமலே ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, அவசரம்!" குரல் பதறியது. "டப்பாவுல ஃபை!"

சக்தா கையிலிருந்ததைக் கீழே வைத்தான். சிரிக்கவில்லை. "எந்த ஃபைங்க? வெளிச்சமா, கரண்டா, நெருப்பா? பதறாம சொல்லுங்க. புகை வருதா? யாராவது தொட்டீங்களா?"

"சிவப்பு ஃபைய்யா! சின்னதா மினுக்கு மினுக்குன்னு எரியுது. நெட் போச்சு. சீரியல் பாதியில நின்னுடுச்சு!"

குரல் போனிலும் கேட்டது, பலகைக் கூரை வழியாகவும் கேட்டது.

லம்துவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மூங்கில் கோலால் கூரையை இரண்டு தட்டுத் தட்டினாள். "முதலாளி, வயரை வெட்டியாச்சு, இன்னும் ஒட்டலை! சும்மா படுங்க!"